'செய்வோம்' என்ற வினை

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு மகளுக்கு,

பாரதியாரின் 'பாரத தேசம்' பாடல் தொழில்நுட்பத்தை நன்மையாகப் பார்க்கிறதா, தீமையாகப் பார்க்கிறதா என்று உன் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் கேட்டதாகவும், ஒரு மாணவன் மட்டும் 'ஆயுதம் செய்வோம்' என்ற தொடரைக் காட்டித் தீமை என்று எழுதியதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். அவனுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று நீ கேட்டபோது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இரவு முழுவதும் அதே நினைவாக இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பாடலில் பொருள்கள் மாறிக்கொண்டே வருகின்றன. ஆயுதம், காகிதம், குடை, கோணி, ஆணி, வண்டி, கப்பல் என்று அவர் அடுக்கும்போது உயர்ந்தது, தாழ்ந்தது என்ற வரிசையே இல்லை. சந்திர மண்டலத்தின் இயல்பைக் கண்டு தெளிவோம் என்றவர் அடுத்த அடியிலேயே சந்தி தெருப்பெருக்கும் சாத்திரம் கற்போம் என்கிறார். மாறாமல் நிற்பது வினைச்சொல்தான்: செய்வோம், வைப்போம், கற்போம், அளப்போம். கப்பல் என்ற சொல்லை அவர் சும்மா எடுக்கவில்லை. 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது உடன் நின்றவர் பாரதி. அந்தக் கடலில் கப்பல்கள் முன்பே ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் அவை நம்முடையவை அல்ல. ஆகவே அந்தப் பாடல் கருவியைப் புகழ்கிறது என்பதைவிட, கருவியைச் செய்கிறவர்களாக நாம் ஆக வேண்டும் என்கிறது என்பதே சரியாக எனக்குத் தோன்றுகிறது.

இதைப் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பாடலோடு சேர்த்துப் படித்துப் பார், அம்மா. 1879 முதல் 1916 வரை நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜித் தீவுக்கு ஏற்றிச் சென்றவையும் கப்பல்கள்தாம். அங்கே கரும்புக் காட்டில் பெண்கள் 'செக்கு மாடுகள் போல்' உழைத்து ஏங்குவதாகக் கவிஞர் எழுதுகிறார். செக்கு ஒரு கருவி, அதில் பூட்டப்பட்ட உயிர்கள் அந்தப் பெண்கள். முதல் பாடலில் காசிப் புலவர் பேசுவதைக் காஞ்சியில் கேட்பதற்குக் கருவி உண்டு. இந்தப் பாடலில் அவர்கள் விம்மி விம்மி அழும் குரலைக் கேட்கக் காற்றைத் தவிர ஒன்றுமில்லை; 'கேட்டிருப்பாய் காற்றே' என்று கவிஞர் காற்றைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார். இரண்டையும் எழுதியது ஒரே கை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கிவிடும்.

உன் பாட்டியைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தன் நிரையான ரப்பர் மர வரிசையைப் பிடித்து, பால் வடியப் பட்டையைச் சீவி மரம் வெட்டி, மங்கு என்னும் கிண்ணங்களில் வடிந்த பாலைச் சேர்த்து, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளி தொங்க ஸ்டோருக்கு வருவார். அங்கே பாலில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியை அதில் மிதக்கவிடுவார்கள். அது எவ்வளவு ஆழம் அமிழ்கிறதோ, அதைக் கொண்டு பாலில் ரப்பர் எத்தனை பங்கு என்று கணக்கிட்டு, தோட்டத்து எழுத்தரான கிராணி புத்தகத்தில் எண்ணை எழுதுவார். மழை நாளில் பால் நீர்த்துப்போனால் தண்ணீர் ஊற்றினாயா என்ற ஏச்சும் கிடைக்கும். பாட்டிக்கு எண் படிக்கத் தெரியாது. பத்து வயதில் நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கருவியைப் பார்க்கவே மாட்டார். கிராணியின் முகத்தைத்தான் பார்ப்பார். எழுதியது சரியா, தவறா என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. அந்தக் கருவி பொய் சொல்லியிருக்காது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதைப் படிக்கும் உரிமை அவரிடம் இல்லை. 'செய்வோம்' என்ற சொல்லில் அடங்கும் 'நாம்' என்பதற்குள் அன்று அவர் இல்லை.

அந்த மாணவன் ஆயுதத்தைப் பார்த்தான், அது பாடலில் இருக்கிறது. அவன் விடை முழுமையில்லை என்றாலும் பொய்யில்லை. எல்லாரும் நன்மை என்று எழுதும்போது வரியைத் தொட்டுக் காட்டி மாற்றி எழுதியிருக்கிறான். மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதே. அடுத்த வகுப்பில் கரும்புத் தோட்டப் பாடலையும் பலகையில் எழுதி, முதலில் அவனையே வாசிக்கச் சொல். அவன் என்ன சொன்னான் என்று ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா