முதலில் பிரேக், அப்புறம்தான் மற்றதெல்லாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. ஊசியில் நூல் கோர்க்க இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பட்டறைக் கணக்கு வழக்கைத் தம்பி பார்த்துக்கொள்கிறான் என்பதும் நல்ல செய்தி. லாரி பாடி கட்டும் வேலையில் நாள் முழுக்க நின்ற பிறகு ராத்திரி கணக்கு நோட்டோடு உட்காரும் சிரமம் இனி உனக்கு இல்லை.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். 1990-ஆம் வருட ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டிக்கு நான் ஏன் இவ்வளவு உழைக்கிறேன் என்பது ஒன்று. அப்பாவின் பழைய டாடா 207 பிக்கப் வண்டியை விற்றுவிடலாமா, வேலை பார்த்து வைத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விவரமாகச் சொன்னால் இரண்டாவதற்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

நான் இருக்கும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரும்புக்கு முதல் எதிரி உப்பு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பே தோண்ட ஆரம்பித்தது. அந்த உப்புத் தண்ணீர் வண்டிக்கு அடியில் ஏறிக் கேபின் மூலைகளிலும் வண்டியின் அடிச்சட்டமான சேஸின் மடிப்புகளிலும் தங்கிவிடும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு பொரிந்து கிடக்கும். இங்கே நம்மூர் எஃப்.சி. மாதிரி வருடா வருடம் வண்டியைக் காட்டிச் சான்று வாங்கும் முறையும் கிடையாது. வண்டி ரோட்டுக்குத் தகுதியா என்று அதை வைத்திருப்பவன்தான் பார்க்க வேண்டும்.

அதனால் எஞ்சினைத் திறப்பதற்கு முன் சேஸ் முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கணீர் என்று கேட்டால் இரும்பு இருக்கிறது, பொத்தென்று கேட்டால் துரு. சேஸ் நன்றாக இருந்தது. பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஹேங்கர்கள்தான் போயிருந்தன. இந்த வயது வண்டிகளில் எல்லாம் முதலில் போகிற இடம் அதுதான். கம்பெனியில் ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் சீவி, உளி வைத்துத் தட்டி எடுத்து, புது ஹேங்கரை உயர் ரக போல்ட் போட்டு முறுக்கினேன். வெல்டிங் வைக்கவில்லை. சேஸில் சூடு ஏற்றினால் பக்கத்து இரும்பு பலவீனமாகிவிடும் என்று நம் பாலிடெக்னிக் வாத்தியார் சொல்வாரே, அதை நான் மறக்கவில்லை.

அடுத்தது பிரேக். இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதல் வாரமே பாட்டுப் பெட்டியும் பெரிய டயரும் மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். பெடலிலிருந்து பின் சக்கரம் வரை பிரேக் ஆயிலைக் கொண்டுபோகிற ஸ்டீல் குழாய் சேஸ் ஓரமாக ஓடுகிறது. க்ளிப்பு பிடித்திருக்கும் இடத்தில் உப்பு தங்கி, வெளியே தெரியாமல் அரித்துவிடும். சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் ஆகாது. அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கிற அன்றைக்குத்தான் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்.

குழாய் முழுவதையும் எடுத்துப் போட்டுவிட்டுச் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போட்டேன். இது துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். வெறும் செம்புக் குழாய் மட்டும் போடக்கூடாது. அது அதிர்வில் கெட்டிப்பட்டு விரிசல் விடும். நுனியை இரண்டு மடிப்பாக விரிக்க வேண்டும், டபுள் ஃப்ளேர் என்போமே அது. ஒரே மடிப்பு விரிசல் கண்டுவிடும். வெட்டிய நுனியை அரம் போட்டுச் சமமாக்கி, உள்பக்கப் பிசிறை எடுத்து, நட்டை முதலிலேயே குழாயில் கோர்த்துவிட்டு அப்புறம் விரிக்க வேண்டும். நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் தம்பி இதைப் படித்தால் அவனுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, மகள்தான் உதவினாள். அவள் பெடலை மிதிக்க, நான் அடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூடினேன். வலது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, இடது பின், வலது முன், இடது முன் என்று, தூரமான சக்கரத்திலிருந்து பக்கத்துக்கு வரும் வரிசை. பழைய ஆயில் தேயிலை டிக்காக்ஷன் நிறத்தில் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் ஆவியாகி பெடல் பஞ்சாகிவிடும் என்று அவளுக்கு விளக்கினேன். அப்படியானால் நம் காருக்கு எப்போது மாற்றினோம் என்று உடனே கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது தெரியுமா! அடுத்த வாரமே அதற்கும் மாற்றினோம்.

எஞ்சினைப் பற்றி உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. வரிசையாக ஆறு சிலிண்டர், 300 கன அங்குலம், நம் கணக்கில் 4.9 லிட்டர். 1965-லிருந்து 1996 வரை இதைச் செய்தார்கள். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டுக்கு ஏழு மெயின் பேரிங். டைமிங் பெல்ட்டும் கிடையாது, செயினும் கிடையாது. கிராங்கின் பல்சக்கரம், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் பல்சக்கரத்தை நேராகச் சுற்றுகிறது. குதிரைத் திறன் 150 பக்கம்தான், ஆனால் இழுவை முழுவதும் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்ளேயே வந்துவிடும். பார்சல் வண்டிகளிலும் மரக்கிளை அரைக்கும் இயந்திரங்களிலும் இதே எஞ்சினைப் போட்டு வருடக்கணக்கில் ஓட்டினார்கள். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இருபுறமும் தரை தெரிகிறது. உள்ளே கை போகிறது, ஸ்பேனர் திரும்புகிறது. இப்படி இடம் விட்டுச் செய்த வண்டியைப் பார்த்தால், பின்னால் யாரோ ஒருவன் இதைப் பிரித்து மாட்டுவான் என்று நினைத்து வரைந்த மாதிரி இருக்கிறது.

கோளாறைக் கண்டுபிடிக்க இதற்கு ஸ்கேனர் வேண்டாம். பானெட்டுக்கு அடியில் இருக்கும் சோதனை பிளக்கில் ஒரு துண்டு வயரைச் செருகிச் சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கி எண்ணைச் சொல்கிறது. ஒரு மினுக்கு, சிறு இடைவெளி, மறுபடி ஒரு மினுக்கு என்றால் 11, எல்லாம் சரி என்று அர்த்தம். எனக்கு முதலில் வந்தது 31. புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வின் நிலையைச் சொல்லும் சென்சார் அது. மாற்றியதும் 11 வந்தது.

இன்னொரு கோளாறு கொஞ்சம் படுத்தியது. வெயில் நாளில் நீண்ட தூரம் ஓடினால் எஞ்சின் திடீரென்று நின்றுவிடும், அரை மணி ஆறவைத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தீப்பொறியை இயக்கும் இக்னிஷன் மாட்யூல் சூடு தாங்காமல் செய்கிற வேலை அது. புது மாட்யூலைச் சூடு கடத்தும் பசை தடவி அதே இடத்தில் பொருத்தலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பின்னால் வந்த வருடங்களில் அதே வண்டியில் மாட்யூலை எஞ்சினை விட்டுத் தள்ளி, அலுமினியத் தகட்டோடு, காற்று படுகிற இடத்தில் வைத்துவிட்டார்கள். பழைய வண்டிகள் குவிந்து கிடக்கும் யார்டுக்குப் போய், அந்த டிஸ்ட்ரிபியூட்டர், மாட்யூல், வயர் எல்லாவற்றையும் நானே கழற்றி எடுத்து வந்து மாட்டினேன். இங்கே அப்படிப்பட்ட யார்டுகளில் உன் கருவிப் பெட்டியோடு உள்ளே போய், வேண்டியதைக் கழற்றி, வாசலில் காசு கட்டிவிட்டு வரலாம்.

மேம்படுத்துகிற விஷயத்தில் நான் பிடித்துக்கொண்ட வழியே இதுதான். அதே வண்டியைச் செய்தவர்கள் பின்னால் வந்த மாடலில் எதை மாற்றினார்களோ, அதை மட்டும் நானும் மாற்றுகிறேன். ஆயிரக்கணக்கான வண்டிகள் ரோட்டில் ஓடிப் பார்த்த பிறகு செய்த மாற்றம் அது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அப்படித்தான் மாற்றினேன், 90-களின் நடுவில் வந்தது, 130 ஆம்பியர். அதற்குப் பழைய வயர் போதாது. தடித்த கேபிள் இழுத்து நடுவில் பெரிய ஃப்யூஸ் வைத்தேன். ஃப்யூஸ் வைக்காமல் மாட்டுகிறவர்கள் வண்டிக்குள் தீயை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

கியர்பாக்ஸில் ஒரு சின்ன வேலை, ஆனால் விட்டிருந்தால் பெரிய செலவு. ஐந்து கியர் பெட்டி இது, மேல்மூடியின் பின்பக்கத்தில் மூன்று ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். முப்பது வருடத்தில் ரப்பர் காய்ந்து சுருங்கி, ஆயில் அங்கே கசிந்து காற்றோடு போய்விடுகிறது. கீழே சொட்டாததால் யாருக்கும் தெரியாது. ஆயில் இல்லாமல் பேரிங் தேய்ந்த பிறகுதான் சத்தம் கேட்கும். ரப்பரை எடுத்துவிட்டு இரும்பு மூடியைத் தட்டி வைத்தாயிற்று.

ஹெட்லைட் பற்றியும் ஒன்று சொல்கிறேன். உன் 207-க்கும் இது பொருந்தும். பழைய வண்டியில் பல்புக்குப் போகிற கரண்ட் முழுவதும் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. வயர் பழசாகி, இணைப்பு கறுத்து, வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். மீட்டரை எடுத்து எஞ்சின் ஓடும்போது பேட்டரியிலும் பல்பின் இணைப்பிலும் அளந்து பார். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ரிலே இரண்டு போட்டுப் பேட்டரியிலிருந்து நேராகப் புது வயர் இழு. ஸ்விட்ச் ரிலேயை மட்டும் தூண்டினால் போதும். எல்.இ.டி. பல்பை வாங்கிப் பழைய ரிஃப்ளெக்டரில் செருகாதே. எதிரில் வருகிறவன் கண் கூசும், உனக்கும் ரோடு சரியாகத் தெரியாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இதில் ஏர்பேக் கிடையாது. பலகை, உரம், விறகு ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போக இதைவிட நல்ல வண்டி எனக்கு வேண்டாம். மகளுக்கு க்ளட்ச் பிடித்து ஓட்டவும் இதில்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஹைவேயில் தனியாகப் போக அவளுக்கு இதன் சாவியைத் தர மாட்டேன். எவ்வளவு வேலை பார்த்தாலும் 1990-ஆம் வருடத்துக் கேபின் அந்த வருடத்துக் கேபின்தான்.

சரி, 207-க்கு வருகிறேன். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், பழசு என்பதால் மட்டும் விற்கவும் சொல்ல மாட்டேன். நாமக்கல்லில் உப்பு இல்லை, அது பெரிய வரம். இருந்தாலும் உரமும் கோழித் தீவனமும் ஏற்றிய வண்டி, அதுவும் இரும்பைத் தின்னும். குழியில் நிறுத்திச் சேஸைச் சுத்தியலால் தட்டிப் பார். பின் பட்டை ஹேங்கர், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், கேபின் மவுண்ட் மூன்றையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் பார். இவை கெட்டியாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் உன் பட்டறையிலேயே வழி இருக்கிறது. எஞ்சின் புகையைப் பார்த்து முடிவு செய்யாதே, எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க உன்னைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். சேஸ் போயிருந்தால் மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்துவிடு.

அந்த மூன்று இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஜனவரியில் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது. வைத்துக்கொள்வதாக இருந்தால் பிரேக் குழாய் வேலையை அதுவரை தொடாதே. ஃப்ளேர் போடும் கருவியை நான் எடுத்து வருகிறேன், தம்பியையும் வைத்துக்கொண்டு சேர்ந்தே செய்யலாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்