சடங்கு குறைந்தால் வேலை குறையுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் யூத வழிபாடு பற்றி வந்த கட்டுரை, முற்போக்கு யூத சபைகளை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. ‘சடங்குகளைக் குறைத்துக்கொண்ட சுலபமான பிரிவு’ என்கிறார் கட்டுரையாளர். சடங்கு குறைந்தது உண்மைதான். சுலபம் என்பதை ஏற்க முடியவில்லை. வைதீக சபையில் ரப்பி என்கிற சமயகுருவும், ஹஸான் என்கிற ஓதுவாரும், பழக்கப்பட்ட சில முதியவர்களும் பார்த்துக்கொள்கிற வேலை இங்கே சாதாரண உறுப்பினர்கள் தலையில் வந்து விழுகிறது. சபை நன்றாக நடப்பதும் தடுமாறுவதும் அவர்கள் எவ்வளவு தயாராக வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் இரண்டு திருத்தங்கள். பத்து ஆண்கள் கூடினால்தான் முழு வழிபாடு என்றும், பெண்கள் தனியே மாடியில் அமர்வார்கள் என்றும் பொதுவாக எழுதியிருக்கிறார். அது வைதீக சபைகளுக்குப் பொருந்தும். முற்போக்கு சபையில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே அமர்கிறார்கள், எண்ணிக்கையில் பெண்களும் சேர்த்தி. முற்போக்கிலேயே ஒரு பிரிவான பிரிட்டனின் லிபரல் சபைகளோ பத்துப் பேர் சேரவில்லை என்பதற்காகத் தொழுகையின் எந்தப் பகுதியையும் விடுவதில்லை.

இரண்டாவது, இது ‘அண்மைக் கால அமெரிக்க வழக்கம்’ அல்ல. ஜெர்மனியின் சீசன் நகரில் 1810இலும், ஹாம்பர்க்கில் 1818இலும் ஆர்கன் இசையோடும் ஜெர்மன் மொழிப் பிரசங்கத்தோடும் சீர்திருத்தக் கோயில்கள் திறக்கப்பட்டுவிட்டன. லண்டனில் லிலி மாண்டேகும் கிளாட் மாண்டிஃபியோரும் 1902இல் யூத சமயச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த இயக்கத்தை லண்டனில் மருத்துவம் படித்தபோது அறிந்த மகப்பேறு மருத்துவர் ஜெருஷா ஜிராத், அதே பெயரில் 1925இல் மும்பையில் ஒரு சங்கம் கண்டார். பைகுல்லாவின் ரோடெஃப் ஷாலோம் தொழுகைக்கூடம் அந்தச் சங்கத்தினுடையது. முற்போக்கு யூதர்களின் உலக ஒன்றியமே 1926இல்தான் பிறந்தது. கட்டுரையாளர் மும்பை வரை வந்தும் இதைத் தொடாமல் போனது வியப்பு.

இனி அந்தச் ‘சுலபம்’ பற்றி. சனிக்கிழமைக் காலை வழிபாட்டின் நடுநாயகம் தோரா வாசிப்பு. ஆதியாகமம் முதல் உபாகமம் வரையான ஐந்து நூல்களே தோரா. தோற்சுருளில் கையால் எழுதிய மூல நூல் அது. 3,04,805 எழுத்துகள். உயிர்க்குறி கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது, ராகக் குறியும் கிடையாது. வைதீக சபையில் அந்த வாரத்துக்கென்று வகுத்த தோராப் பகுதி முழுவதையும் ஏழு பேர் அழைக்கப்பட்டு, பெரும்பாலும் ஒரு தேர்ந்த வாசகரே படித்து முடிப்பார். முற்போக்கு சபையில் அதிலிருந்து பத்து, பதினைந்து வசனங்களை எடுத்து, வாரத்துக்கு ஓர் உறுப்பினர் படிப்பது பரவலான வழக்கம். வசனம் குறைவு, படிப்பவர் புதியவர். அதனால் முன்தயாரிப்புதான் எல்லாம். திக்குன் என்ற பயிற்சி நூலில் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) குறிகளோடும் அடுத்த பத்தியில் குறிகளின்றியும் ஒரே பாடம் இருக்கும். முதல் பத்தியில் மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாவதைப் பாராமல் வருகிறவர், சுருள் முன் நின்றதும் வரி தொலைத்து விழிப்பார். சுருளை அன்று பொறுப்பேற்றவர் முன்கூட்டியே சரியான இடத்துக்குச் சுற்றி வைக்க வேண்டும். ஆதியாகமத்தில் நிற்கும் சுருளை உபாகமத்துக்கு எல்லோர் கண்ணெதிரே சுற்றத் தொடங்கினால் தொழுகை நின்றுபோகும். விழா நாளில் இரண்டு இடங்களில் வாசிக்க வேண்டியிருக்கும்போது, முடிந்த சபைகள் இரண்டு சுருள் எடுப்பது இதற்காகத்தான்.

தோலைக் கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெயும் வியர்வையும் மையை உரிக்கும். வெள்ளிச் சுட்டுகோலும் எழுத்தின் மேல் படாமல் சற்று விலகியே நகர வேண்டும். ஓர் எழுத்து உடைந்தாலும் சுருள் வாசிப்புக்கு ஆகாது, எழுத்தர் வந்து சரிசெய்யும் வரை ஒதுக்கி வைப்பார்கள்.

வாசித்த சுருளைத் தூக்கிக் காட்டுவது அடுத்தது. பெரிய சுருள் பத்து கிலோவைத் தாண்டும். தோள்பலத்தால் தூக்கப் போகிறவர்தான் தடுமாறுவார். முறை இதுதான்: மூன்று பத்தி தெரியும்படி விரித்து, தோல்களைத் தைத்த மூட்டு நடுவில் வருமாறு வைக்க வேண்டும். இழுபட்டால் தையல் பிரியும், தோல் கிழியாது. பிறகு சுருளின் கீழ்ப்பகுதி மேசை விளிம்புக்கு வெளியே வரும்வரை தன்பக்கம் இழுத்து, முழங்காலை மடக்கி, கைப்பிடிகளைக் கீழே அழுத்தினால் விளிம்பைத் தாங்கலாகக் கொண்டு சுருள் நெம்புகோல்போல் நிமிரும். அதன்பின் எழுந்து நின்றால் போதும். எபிரேயம் வலமிருந்து இடம் ஓடுவதால், ஆண்டுச் சுற்றின் தொடக்கத்தில் பாரம் முழுக்க இடக்கையில் இருக்கும், முடிவில் வலக்கையில். இடக்கை தளர்ந்தவரை ஆதியாகமம் வாசிக்கும் வாரங்களில் அழைக்காமலிருப்பது ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு. இதெல்லாம் சிறு விஷயம் என்று தோன்றலாம். சுருள் கீழே விழுந்தால் உபவாசம் இருக்கிற மரபு உண்டு என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது.

நாட்காட்டியில் இன்னொரு பொறி. முற்போக்கு சபைகள் பெரும்பாலும் விழாக்களுக்கு இஸ்ரேலைப் போல ஒரு நாளே வைத்துக்கொள்கின்றன, பெசாக் என்கிற பாஸ்கா விழா ஏழு நாள். இஸ்ரேலுக்கு வெளியே வாழும் வைதீகர்களுக்கு எட்டு நாள். பிறை பார்த்துத் தூதர் வந்து சொன்ன காலத்தின் சந்தேகத்துக்காக ஏற்பட்ட கூடுதல் நாள், கணக்கிட்ட பஞ்சாங்கம் வந்தபின் எதற்கு என்பது முற்போக்கர் வாதம். நியாயமானதுதான். ஆனால் பெசாக் சனிக்கிழமை தொடங்கினால் எட்டாம் நாளும் சனிக்கிழமையில் விழும். அன்று வைதீகர்கள் விழாப் பகுதியைப் படிக்க, ஏழோடு முடித்தவர்கள் அடுத்த வாரப் பகுதிக்குப் போய்விடுவார்கள். 2022இல் அப்படி நேர்ந்து, இரு தரப்பும் பல வாரங்கள் வேறு வேறு பகுதி படித்தன. கடையில் வாங்கிய நாட்காட்டியை நம்பிய வாசகர் தவறான பகுதியைத் தயாரித்துக்கொண்டு வந்து நிற்பார். சில சபைகள் ஒரு பகுதியை இரு வாரங்களுக்குப் பிரித்து வாசித்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்கின்றன. எந்த வழியானாலும் பெசாக்குக்கு முன்பே பட்டியல் போட்டுவிட வேண்டும்.

இறந்தோர் நினைவுநாள் கணக்கு இன்னும் நுட்பமானது. திதி பார்க்கிற நம் வாசகர்களுக்கு உடனே பிடிபடும். எபிரேய நாள் சூரியன் மறைவில் தொடங்குகிறது. வெள்ளி மாலை இருட்டியபின் இறந்தவரின் நாள் சனிக்கிழமையின் தேதி. குடும்பத்தாரிடம் ஆங்கிலத் தேதியை மட்டும் கேட்டு, இறந்த நேரத்தைக் கேட்காமல் விட்டால் ஒரு நாள் பிசகும். எபிரேயப் பஞ்சாங்கத்தில் 19 ஆண்டில் ஏழு ஆண்டுகளுக்கு 13 மாதம். அப்போது அதார் மாதம் இரண்டு வரும். 2024இல் வந்தது, அடுத்து 2027இல் வரும். சாதாரண ஆண்டின் அதாரில் இறந்தவருக்கு முதல் அதாரா, இரண்டாவதா என்பதில் மரபுகள் மாறுபடுவதால், சபை ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத் தேதியே போதும் என்கிற முற்போக்கு குடும்பங்களும் உண்டு, அதையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இறந்தோரை நினைத்துச் சொல்லும் காதிஷ் பிரார்த்தனைக்குமுன் பெயர்கள் வாசிக்கப்படும்போது ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் எளிதில் மறக்காது.

கல்வி விஷயத்தில் எனக்கு முற்போக்கர்கள்மேல் குறை உண்டு. பையனுக்கும் பெண்ணுக்கும் 13 வயதில் ஒரே மாதிரி தோரா வாசிப்பு, ஒரே மாதிரி விளக்கவுரை என்பது பாராட்டத் தக்கது. வைதீகத்தில் பெண்ணுக்கு வயது 12, பொதுவாகச் சுருளிலிருந்து வாசிக்கும் உரிமை இல்லை. ஆனால் வாரம் ஒரு காலை மட்டும் நடக்கும் வகுப்பில் எபிரேயம் எவ்வளவு ஏறும்? நேரம் போதாமல் ஆசிரியர் ஒலிப்பதிவைக் கொடுத்துவிடுகிறார், பிள்ளை பாட்டாகப் பாடம் செய்துவிடுகிறது. நடுவிலிருந்து ஒரு வசனத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னால் வராது. ஒலிப்பதிவை கடைசி இரண்டு மாதத்துக்குத் தள்ளி, அதுவரை எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பதே சரியான வரிசை. தொழுகைநூலில் எபிரேயத்துக்குப் பக்கத்திலேயே ஒலிபெயர்ப்பு அச்சிடுவதும் இருமுனைக் கத்தி. வந்தவர் எல்லோரும் சேர்ந்து பாட அது உதவுகிறது, எழுத்தைக் கற்க வேண்டிய அவசியத்தையும் அதுவே எடுத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு சனிக்கிழமைத் தொழுகைக்கு முன் நடக்கும் வாரப் பகுதி ஆய்வு பல சபைகளில் இதைவிட உருப்படியானது. வசனம் வசனமாக வாசித்து, பழைய உரைகளையும் இன்றைய ஆராய்ச்சியையும் எதிரெதிரே வைத்து வாதாடுகிறார்கள்.

தொழுகைக்குப் பின் பகிர்ந்துண்பதைக் கட்டுரையாளர் ‘விருந்து’ என்று கடந்துவிட்டார். இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாதென்பதால், உறுப்பினர் வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவு பால் சார்ந்த சைவமாகவே இருக்கட்டும் என்று பல சபைகள் விதி வைத்துள்ளன. அதிலும் பிசகு நேரும் இடங்கள் உண்டு: ஜெல்லியில் ஜெலட்டின், பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கும் விலங்கு ரெனட், பிஸ்கட்டில் விலங்குக் கொழுப்பு. தட்டுக்குத் தட்டு சேர்மானம் எழுதிய சீட்டு வைத்தால் பாதித் தகராறு தீரும்.

கடைசியாக, ‘எந்தச் சனிக்கிழமையும் உள்ளே சென்று பார்க்கலாம்’ என்று வாசகர்களுக்குச் சொன்ன யோசனை. வரவேற்பார்கள், ஐயமில்லை. ஆனால் பாதுகாப்புக் காரணத்தால் பெரும்பாலான தொழுகைக்கூடங்களில் முன்பதிவில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. சில நாட்கள் முன்பே எழுதி, பெயர் கொடுத்து, அடையாள அட்டையோடு போக வேண்டும். பெரிய பை வேண்டாம். தலைக்குல்லாய் பொதுவாக வாசலிலேயே கிடைக்கும். ஓய்வுநாளில் படம் எடுக்கக் கூடாது, கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். தொழுகைநூல் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். பக்க எண்ணை நடத்துபவர் அவ்வப்போது சொல்வார், எல்லோரும் எழும்போது எழுந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மாட்டுங்கா, மும்பை