காவலுக்கு வைத்தவர்கள்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால், “சரிம்மா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வரலாறு நடத்தியே பழகிய வாய், நடுவில் நிறுத்தச் சொன்னால் நிற்காது என்பது உனக்குத் தெரியும்.

மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றிப் பேசும்போது “காட்டுமிராண்டிக் கூட்டம்மா” என்றாய். நடுராத்திரிச் சமையலும் மாடிப்படி முழுக்கச் செருப்புகளும் எரிச்சல் தரத்தான் செய்யும், தூக்கம் கெட்டால் யாருக்கும் கோபம் வரும். என்னை எழுத வைத்தது அதற்கு அடுத்தபடி நீ சொன்னது: “ரோமாபுரியையே இப்படிப்பட்டவங்கதானே வந்து அழிச்சாங்க?” பாடப்புத்தகத்தில் அது ஒரே வரி. காட்டுமிராண்டிகள் வந்தார்கள், ரோம் வீழ்ந்தது. அந்த ஒரு வரிக்குள் முப்பத்து நான்கு வருடம் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

கி.பி. 376. கிழக்கிலிருந்து ஹூணர்கள் விரட்ட, கோத் என்ற ஜெர்மானிய இன மக்கள் குடும்பம் குடும்பமாக டான்யூப் ஆற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார்கள். சண்டைக்கு வரவில்லை, ரோமப் பேரரசுக்குள் இடம் கேட்டு வந்தார்கள். பேரரசர் வாலன்ஸுக்கு மகிழ்ச்சி. படைக்கு மலிவாக ஆள் கிடைக்கிறது, மாகாணங்களிலிருந்து ஆள் எடுப்பதற்குப் பதிலாக அந்த மாகாணங்களிடமே பொன் வாங்கிக்கொள்ளலாம். மழையில் ஆறு பெருகி ஓடியது. படகிலும் கட்டுமரத்திலும் குடைந்த மரத்திலும் இரவு பகலாகக் கடந்தார்கள், பலர் ஆற்றோடு போனார்கள். தென்கரையில் அவர்களுக்கு உணவு கொடுக்க வேண்டிய பொறுப்பு லூப்பிசினஸ், மாக்சிமஸ் என்ற இரண்டு ரோம அதிகாரிகளுடையது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாய்களைப் பிடித்து வந்து, பசியில் கிடந்தவர்களுக்கு விற்றார்கள். விலை, ஒரு நாய்க்கு ஓர் அடிமை. அப்படிக் கொடுக்கப்பட்டவர்களில் தலைவர்களின் பிள்ளைகளும் உண்டு. இதை எழுதிவைத்தது கோத் ஆள் இல்லை. ரோமப் படையில் பணிபுரிந்த அம்மியானஸ் மார்செலினஸ். அவருக்குக் கோத் மக்கள் மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது, அவர்களைத் திட்டியும் எழுதியிருக்கிறார். அதனால்தான் இந்த நாய்க் கணக்கை நான் நம்புகிறேன்.

இரண்டே வருடத்தில், 378 ஆகஸ்டில், அட்ரியானோப்பிளில் அதே மக்கள் ரோமப் படையை நொறுக்கினார்கள். வாலன்ஸ் செத்தார், உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ரோம் திருந்தியதா என்று கேட்டால், அவர்களையே படையில் சேர்த்துக்கொண்டது. 394இல் பேரரசர் தியோடோசியஸுக்காக முன்வரிசையில் நின்று ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் கோத் வீரர்கள். அந்தப் போரில் அவர் பக்கம் நின்றவர்களில் ஒருவர்தான் பின்னால் ரோமைச் சூறையாடிய அலாரிக். மேற்குப் பேரரசைத் தாங்கிப் பிடித்திருந்த தளபதி ஸ்டிலிக்கோவின் அப்பா வாண்டல் இனத்தவர், அதாவது ரோமர் கணக்கில் அவரும் ‘காட்டுமிராண்டி’தான். ஸ்டிலிக்கோ ரோம அரச குடும்பத்தில் பெண் எடுத்தார், தன் மகளைப் பேரரசர் ஹொனோரியஸுக்குக் கட்டிக்கொடுத்தார். என்ன செய்து என்ன? 408இல் அரண்மனைச் சூழ்ச்சியில் அவர் தலை போனது. அதோடு நிற்கவில்லை. ரோமுக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த அயல்வீரர்களின் மனைவி மக்கள் இத்தாலிய நகரங்களில் இருந்தார்கள். ரோமச் சிப்பாய்களே அவர்களை வெட்டிப் போட்டார்கள். அந்த வீரர்கள் முப்பதாயிரம் பேர் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு வரலாற்றாசிரியர் எழுதுகிறார். எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கலாம். ஏன் போனார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அலாரிக் ரோமை முற்றுகையிட்டு வாங்கிய மீட்புத்தொகையின் பட்டியல் இருக்கிறது. 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டாடை, 3,000 சிவப்புத் தோல், அப்புறம் 3,000 ராத்தல் மிளகு. யவனர், அதாவது கிரேக்க ரோம வணிகர், பொன்னோடு வந்து மிளகோடு போவதை அகநானூற்றில் படித்திருப்பாய். அந்த மிளகு கடைசியில் யார் சமையலுக்குப் போனது பார்! ‘காட்டுமிராண்டி’க்கு மிளகின் அருமை தெரிந்திருக்கிறது. பின்னால் அலாரிக் இறங்கியே வந்தார். பொன் வேண்டாம், டான்யூப் ஓரத்தில் குடியிருக்க இடமும் வருடா வருடம் தானியமும் போதும் என்றார். ஹொனோரியஸ் மறுத்தார். 410 ஆகஸ்டில் நகரம் மூன்று நாள் சூறையாடப்பட்டது. கொலை, கொள்ளை எல்லாம் நடந்தது, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் பேதுரு, பவுல் ஆலயங்களில் தஞ்சம் புகுந்தவர்களைத் தொடக்கூடாது என்ற உத்தரவும் இருந்தது. ரோமச் சிப்பாய்கள் அந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் வெட்டியபோது அப்படி ஓர் உத்தரவு போட யாரும் இருக்கவில்லை.

எனக்கு இதில் படுவது ஒன்றுதான். காட்டுமிராண்டி என்று பட்டம் வாங்கியவர்கள் பெரும்பாலும் எங்கோ தூரத்தில் இருந்தவர்கள் இல்லை. பட்டம் கொடுத்தவன் வீட்டிலேயே வேலை பார்த்தவர்கள். உன் குடியிருப்பின் வாசல் காவலாளியும் மேல்வீட்டாரின் ஊர்க்காரர்தான் என்று நீயே சொன்னாய். அவர் இரவெல்லாம் விழித்திருப்பதால்தான் நீ கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் படுக்கிறாய்.

ஏதென்ஸில் கதை இன்னும் வேடிக்கை. கிரேக்கர் அல்லாதவர் எல்லாம் கீழானவர் என்று நினைத்த நகரம் அது. அங்கே பொதுக்கூட்டத்தில் ஒழுங்கு காக்கவும், குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவனை இழுத்துப் போகவும் யாரை வைத்திருந்தார்கள்? சித்திய வில்லாளிகளை. கருங்கடலுக்கு வடக்கே இருந்து வாங்கி வந்த அரசு அடிமைகள். ஏதென்ஸ் குடிமகனை அதட்டி உட்காரவைத்தவன் ஒரு ‘காட்டுமிராண்டி’. அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில் அவன் கொச்சைக் கிரேக்கம் பேசுவான், கூட்டம் சிரிக்கும். வேலையும் வாங்கிக்கொண்டு சிரிக்கவும் சிரித்தார்கள். அதற்கு அரிஸ்டாட்டில் தத்துவ முத்திரையும் குத்திவிட்டார். அந்நியனும் அடிமையும் இயல்பால் ஒன்றே என்றார். கிட்டத்தட்ட 1,900 வருடம் கழித்து, 1550இல், அமெரிக்கப் பழங்குடிகளை அடிமைப்படுத்தலாமா என்று ஸ்பெயினில் வாதம் நடந்தபோது செபுல்வேதா என்ற அறிஞர் இதே அரிஸ்டாட்டிலைத்தான் கையில் எடுத்தார். எதிர்த்து நின்றவர் லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார். அந்தக் கதை தனிக் கடிதத்துக்கு ஆகும்.

நம்மவர்கள் மட்டும் என்ன? பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்று, சேர மன்னன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்து, தலையில் நெய் ஊற்றி, கையைப் பின்னால் கட்டிக் கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொல்கிறது. அந்த யவனருக்குக் கொடுக்கும் அடைமொழி ‘நயனில் வன்சொல்’. உலகத்துக்கே நாகரிகம் சொல்லித்தந்தோம் என்று இருந்தவர்கள் இங்கே இனிமையாகப் பேசத் தெரியாத முரடர்கள். ஆனால் முல்லைப்பாட்டைப் பார். போர்ப்பாசறையில் மன்னன் உறங்கும் இடத்தில் விளக்கு ஏற்றி வைப்பவர்கள் பார்க்கவே அச்சம் தரும் யவனர்கள். உள்ளறையில் காவல் நிற்பவர்கள், வாயால் பேசாமல் சைகையால் பேசும் மிலேச்சர்கள், அதாவது அயல்நாட்டார். சொந்தக்காரனை நம்பாத இடத்தில் மிலேச்சனை நம்பியிருக்கிறார்கள். ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். உறவும் ஊரும் மொழியும் இல்லாதவன் யாரோடு சேர்ந்து சதி செய்வான்?

இந்தப் பக்கம் இவ்வளவு சொன்னதால், அவர்களை உத்தமர்கள் ஆக்குகிறேன் என்று நினைக்காதே. அதுவும் ஒரு பழைய வித்தை. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் ஜெர்மானியரைக் கற்புள்ளவர்கள், எளிமையானவர்கள் என்று புகழ்ந்து எழுதினார். ரோமரைக் குத்திக்காட்ட ஒரு கோல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் புகழ்ச்சியிலும் ஜெர்மானியன் மனிதனாக இல்லை.

மறுபக்கம் போய் நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள். ஜோங்ஹாங் யுவே என்று ஒருவர், சீனத்து ஹான் அரண்மனையில் பணிபுரிந்தவர். கி.மு. 174 வாக்கில், சியோங்னு நாடோடிகளின் தலைவனுக்கு மணமுடித்து அனுப்பிய இளவரசியோடு இவரையும் வற்புறுத்தி அனுப்பினார்கள். போனவர் அந்தப் பக்கமே சேர்ந்துவிட்டார். சியோங்னு மக்களுக்குச் சீனப் பட்டின் மேல் மோகம். இவர் சொன்னார்: பட்டை உடுத்திக்கொண்டு முள்புதருக்குள் குதிரை ஓட்டிப் பாருங்கள், நார்நாராகக் கிழியும், உங்கள் கம்பளியும் தோலும்தான் உங்களுக்குச் சரி. சீனத் தூதர்கள் வந்து, வயதானவர்களுக்கு இங்கே மரியாதை இல்லையே என்று குறை சொன்னால், உங்கள் வீரன் போர்முனைக்குப் போகும்போது பெற்றோர் தங்கள் நல்ல உணவை அவனுக்குக் கொடுப்பதில்லையா என்று மடக்குவார். தூதர்களுக்கு வாயடைத்துப் போகும். எனக்கு இவரை நிரம்பப் பிடிக்கும். ஆனால் அவரும் பழிவாங்கும் கோபத்தில்தான் பேசினார் என்பதை மறக்கக்கூடாது.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். “அப்படியானால் காட்டுமிராண்டித்தனம் என்று ஒன்றுமே கிடையாதா?” ஏன் இல்லை? 1858இல் பிரிட்டன் சீனாவைப் போரில் பணியவைத்துத் தியான்ஜினில் ஓர் ஒப்பந்தம் எழுதியது. அதன் 51ஆம் பிரிவு, சீன அரசு ஆவணங்களில் பிரிட்டிஷாரை இனிமேல் காட்டுமிராண்டி என்ற பொருள்படும் எழுத்தால் குறிக்கக்கூடாது என்கிறது. துப்பாக்கி முனையில் வாங்கிய மரியாதை. இரண்டரை வருடம்கூட நிலைக்கவில்லை, 1860 அக்டோபரில் பெய்ஜிங் அருகே இருந்த கோடைக்கால அரண்மனையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கொள்ளையடித்தார்கள். பிறகு பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் உத்தரவில் ஆங்கிலேயப் படை அதை எரித்தது. பேச்சுவார்த்தைக்குப் போன தம் ஆட்களில் சிலரைச் சீனர் சிறையில் கொடுமைப்படுத்திக் கொன்றார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அது பொய் இல்லை, கொன்றது உண்மை. அந்தச் சிறையில் நடந்ததும் காட்டுமிராண்டித்தனம், இந்தத் தீயும் காட்டுமிராண்டித்தனம். அடுத்த ஆண்டே பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ, இரண்டு கொள்ளைக்காரர்கள் அந்த அரண்மனைக்குள் புகுந்தார்கள், ஒருவன் பெயர் பிரான்ஸ், இன்னொருவன் பெயர் இங்கிலாந்து என்று எழுதினார். தன் நாட்டைப் பற்றி அப்படி எழுத அவருக்கு நெஞ்சு இருந்தது.

செயலுக்கு அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்து. குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார் எழுதப்போவதாகச் சொன்னாயே, அதையும் எழுது. எந்த இரவு, எத்தனை மணிக்கு, என்ன சத்தம், எல்லாம் எழுது. “இந்த ஆட்களே இப்படித்தான்” என்று ஒரு வரி இருந்தால் அதை மட்டும் அடித்துவிடு. அதற்கு முன்னால் ஒருமுறை மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டினாயா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் உனக்குக் கோபம் வரும். இரவு வேலை பார்ப்பவனுக்கு நடுராத்திரிதான் சாப்பாட்டு நேரம்.

ஒன்று விட்டுப்போயிற்று. மகாபாரதத்தில் கர்ண பருவம் படித்திருக்கிறாயா? கர்ணனுக்குச் சல்லியன் தேரோட்டி. முதலில் சீண்டியவன் சல்லியன்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்குக் கர்ணன், சல்லியனின் மத்திர நாட்டையே திட்டித் தீர்க்கிறான். அந்த ஊர்க்காரர்களின் குடி, சாப்பாடு, பெண்களின் நடத்தை என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாம் சபைக்கு வந்த அந்தணர்கள் சொல்லக் கேட்டதுதான். பிறப்பைச் சொல்லி ஊரே இழிவுபடுத்திய மனிதன், இன்னொருவனின் ஊரைச் சொல்லி இழிவுபடுத்துகிறான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடம் வலிக்கும். சல்லியன் கேட்கிறான்: நோயாளியைக் கைவிடுவதும் மனைவி மக்களை விற்பதும் நீ அரசாளும் அங்க நாட்டிலேயே நடக்கிறதே? எல்லா நாட்டிலும் நல்லவரும் உண்டு, கெட்டவரும் உண்டு என்கிறான். துரியோதனன் நடுவில் புகுந்து, ஒருவனை நட்பைச் சொல்லியும் இன்னொருவனைக் கைகூப்பியும் அடக்குகிறான். கர்ணன் பதில் பேசவில்லை. சிரித்துக்கொண்டே “ஓட்டு” என்கிறான். எதிரே நிற்பவன் அர்ச்சுனன், குதிரைகளின் கடிவாளம் மத்திர நாட்டுக்காரன் கையில்.

அன்புடன்,
அம்மா