தம்பியின் நோய்ப்பெயர் குறித்து மகளுக்கு

தக்கலை

அன்பு மகளுக்கு,

தம்பியின் மருத்துவச் சீட்டில் முன்பு 'திடீர் மனநோய்' என்று இருந்த இடத்தில் இப்போது 'ஸ்கிசோஃப்ரீனியா' என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மருத்துவர் முதலில் தவறாகக் கண்டறிந்தாரா, அவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போய் இன்னொருவரிடம் காட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் பேசும்போது தம்பி பக்கத்திலேயே இருக்கிறான். அவனைப் பற்றி அவன் காதுபட நாம் முணுமுணுப்பது அவனுடைய சந்தேகத்தை வளர்க்கும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். பள்ளியில் வரலாறு கற்பித்தவள் என்ற பழக்கத்தால், அந்தப் பெயரைப் பார்த்த நாள்முதல் அதன் வரலாற்றைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

யாரும் தவறு செய்யவில்லை, மக்களே. இரண்டையும் எழுதியவர் ஒரே மருத்துவர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலை நம் நாட்டு மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். அதன்படி, இல்லாத குரல்கள் கேட்பது போன்ற ஸ்கிசோஃப்ரீனியாவின் குறிகள் ஒரு மாதமாவது நீடித்தால்தான் இந்தப் பெயரை எழுதலாம். அதற்குள் தணிந்துவிட்டால் அது வேறு பெயருடைய, பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும் ஒரு நிலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடோ 6 மாதங்கள் கேட்கிறது. அதாவது, இதே பிள்ளை இதே குறிகளோடு அமெரிக்காவில் இருந்திருந்தால் இன்னும் சில மாதங்களுக்கு வேறொரு பெயரோடுதான் இருந்திருப்பான். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்த நோயை உறுதி செய்வதில்லை. அவனுக்கு எடுத்த ஸ்கேன் வேறு நோய்கள் இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக எடுக்கப்பட்டது. ஆகவே நோயின் போக்கைக் காலத்தோடு வைத்துப் பார்ப்பதைத் தவிர மருத்துவருக்கு வேறு வழியில்லை.

காலத்தை அளவுகோலாக வைக்கும் இந்த முறை எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவரிடமிருந்து வந்தது. அவருக்கு முன்பே பிரான்சில் மொரேல் என்பவர் இளம் வயதிலேயே அறிவு மங்கிப்போகும் ஒரு நிலையைக் குறித்திருந்தார்; 1871-இல் ஹெக்கரும் 1874-இல் கால்பாமும் தனித்தனியாக இரண்டு மனநோய் வடிவங்களை விவரித்திருந்தார்கள். கிரேப்பலின் ஹைடெல்பெர்க்கில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி, ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அதில் சேர்த்துக்கொண்டே வந்து, அட்டைகளைப் பிரித்தும் சேர்த்தும் அடுக்கினார். அப்படி அடுக்கியதில் இரண்டு பெருங்குவியல்கள் தெரிந்தன என்பதுதான் அவர் தம் பாடநூலின் 1899-ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளியிட்ட முடிவு: வந்து வந்து போகும் வெறி-சோர்வு நோய் ஒன்று, இளமையில் தொடங்கி மனத்தை மெல்ல மெல்ல அழித்துச் செல்லும் 'டிமென்ஷியா பிரேகாக்ஸ்' மற்றொன்று. இரண்டாவதின் முடிவு சிதைவுதான் என்ற இருண்ட எண்ணம், 'முன்கூட்டியே வரும் அறிவுமங்கல்' என்று பொருள்படும் அந்தப் பெயரிலேயே ஏறிக்கொண்டது.

அதற்கு முன்பு அவர் டோர்பாட் நகரில் பேராசிரியராக இருந்தபோது, அங்கிருந்த நோயாளிகள் பலருடைய தாய்மொழியான எஸ்தோனிய மொழி அவருக்குத் தெரியாது. நோயாளி என்ன சொல்கிறார் என்பதைவிட அவர் எப்படி ஆகிறார் என்பதில் கிரேப்பலினின் கண் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் இதற்கு நேர்மாறானவர். சூரிக் அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், ரைனாவ் என்ற இடத்து மருத்துவமனையில் பல ஆண்டுகள் நோயாளிகளின் நடுவிலேயே குடியிருந்து, அவர்கள் பேசிய வட்டாரப் பேச்சையே தானும் பேசி, அவர்களோடு வேலை செய்து வாழ்ந்தவர். அப்படி வாழ்ந்தவருக்கு, எல்லோரும் இளமையில் நோயுறுவதில்லை, எல்லோரும் சிதைந்துபோவதுமில்லை என்பது தெரிந்துவிட்டது. 1908-இல் பெர்லினில் ஆற்றிய உரையில் பழைய பெயரை விலக்கி 'ஸ்கிசோஃப்ரீனியா' என்று புதுப்பெயர் வைத்தார்; 1911-இல் எழுதிய நூலின் தலைப்பில் அதை ஒரே நோயாகக் குறிக்காமல் நோய்களின் தொகுதி என்று பன்மையில் குறித்தார். இன்று நம்மை அச்சுறுத்தும் இந்தச் சொல், நோயாளிகளைக் கைவிட்டுவிடக் கூடாது என்று நினைத்த ஒருவர் வைத்தது. நம்மூர்ப் பேச்சில் தம்பி சொல்வதை, வேறு மாவட்டத்துக்காரரான நம் மருத்துவர் புரியாதபோது மறுபடியும் கேட்டு விளங்கிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிளாய்லரின் நினைவு வரும்.

அந்த மருத்துவர் தம்பியிடம், "குரல்கள் உன்னிடம் பேசுகின்றனவா, அல்லது உன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனவா? நீ நினைப்பது பிறருக்குக் கேட்டுவிடுவதுபோல் இருக்கிறதா?" என்று கேட்டார். இவ்வளவு நுணுக்கமான வேறுபாடு எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இவை 1939-இல் ஜெர்மானிய மருத்துவர் கர்ட் ஷ்னைடர், ஸ்கிசோஃப்ரீனியாவை அடையாளம் காட்டும் முதல் நிலைக் குறிகள் என்று பட்டியலிட்டவற்றிலிருந்து வந்த கேள்விகள் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் குறிகள் வேறு மனநோய்களிலும் தோன்றும் என்பது இப்போது தெரிந்துவிட்டதால், பட்டியலுக்கு முன்பிருந்த மதிப்பு குறைந்துவிட்டது. ஆனாலும் கேள்விகள் தங்கிவிட்டன.

ஷ்னைடர் அந்தப் பட்டியலை வெளியிட்ட அதே ஆண்டில் அவருடைய நாட்டில் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1933-இல் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் பரம்பரை நோய்கள் என்று எண்ணப்பட்டவற்றில் ஸ்கிசோஃப்ரீனியாவும் ஒன்று. 1939-இல் தொடங்கிய 'டி4' என்ற திட்டத்தில், 1941 ஆகஸ்ட் வரை மட்டும் ஏறக்குறைய 70,000 பேர் மருத்துவமனைகளிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டு நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள்; தேர்ந்தெடுத்துக் குறியிட்டவர்கள் மருத்துவர்கள். பிற்காலத்துச் சோவியத் ஒன்றியத்தில் மனநல மருத்துவர் ஸ்னெஷ்னெவ்ஸ்கியின் குழுவினர் 'மந்தகதி ஸ்கிசோஃப்ரீனியா' என்று எல்லையை மிகவும் விரித்துவிட, அரசை எதிர்த்துப் பேசிய கணித அறிஞர் லியோனித் பிளியுஷ்சைப் போன்றவர்கள் அந்தப் பெயரோடு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டார்கள். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் கொள்கையோ மத நம்பிக்கையோ ஊரோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்றும், முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றைய தீர்மானத்துக்குக் காரணமாகக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த வரலாறு தெரிந்த பிறகுதான் அந்தப் பிரிவு எதற்காக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

போருக்குப் பிறகு பழி வேறு பக்கம் திரும்பியது. 1948-இல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் என்ற மருத்துவர், பிள்ளைக்கு இந்த நோயை உண்டாக்கும் தாய் என்று ஒரு வகைத் தாயைக் குறிப்பிட்டார். அவர் கொடியவர் அல்லர். மருந்தில்லாத காலத்தில் இந்த நோயாளிகளோடு பொறுமையாக உட்கார்ந்து பேசியே குணப்படுத்த முடியும் என்று நம்பியவர். ஆனாலும் அந்தச் சொற்றொடரால் ஏறத்தாழ ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மருத்துவர் முன்னால் குற்றவாளிகளைப் போல் உட்கார்ந்திருந்தார்கள். 1956-இல் மானிடவியலாளர் பேட்சனும் அவருடைய தோழர்களும், வீட்டில் ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளில் சிக்கும் பிள்ளைக்கு இந்த நோய் வரும் என்று இன்னொரு கோட்பாட்டைச் சேர்த்தார்கள். தாயின் வளர்ப்பு இந்த நோயை உண்டாக்குகிறது என்பதற்குப் பின்னர் வந்த ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. நான் இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. "நீ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் என்று ஓடினாய், பிள்ளையை யார் பார்த்தார்கள்" என்று நம் உறவில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவர் பேட்சனைப் படித்தவர் அல்லர். படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இந்தப் பெயர் எவ்வளவு தூரம் மருத்துவரைப் பொறுத்தது என்பது 1960-களில்தான் வெளிப்பட்டது. நியூயார்க் மருத்துவமனைகளில் ஸ்கிசோஃப்ரீனியா மிக அதிகமாகவும் லண்டனில் குறைவாகவும் பதிவாவதைக் கண்டு, இரு நகரத்து நோயாளிகளையும் ஒரே குழுவினர் ஒரே வகைக் கேள்விகளால் பரிசோதித்தார்கள். நோயாளிகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை, வேறுபட்டவர்கள் மருத்துவர்கள். 1972-இல் இது நூலாக வெளிவந்தது. அமெரிக்கர்கள் 1980-ஆம் ஆண்டுக் கையேட்டில் குறிகளையும் கால அளவையும் கண்டிப்பாக வரையறுத்ததற்கு இது முக்கியமான காரணம். கிரேப்பலின் காலத்திலிருந்து வந்த ஸ்கிசோஃப்ரீனியாவின் உட்பிரிவுகளை 2013-ஆம் ஆண்டுக் கையேடு கைவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலும் அப்படியே செய்திருக்கிறது. கிரேப்பலினே 1920-இல், தாம் வகுத்த இரண்டு நோய்களுக்கு இடையிலான கோட்டைப் பல நோயாளிகளிடம் இழுக்க முடியவில்லை என்று எழுதினார். 2009-இல் வந்த மரபணு ஆய்வும் இரண்டுக்கும் பொதுவான மரபுக்கூறுகள் ஏராளம் என்று காட்டியது. வகுப்பில் களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்' என்று நடத்திவிட்டு, அது வரலாற்றாசிரியர்கள் கிழித்த கோடுதான், அன்று வாழ்ந்தவர்களுக்கு அப்படியொரு காலம் தொடங்கியதாகவோ முடிந்ததாகவோ தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இந்த நோய்ப்பெயரும் அத்தகைய கோடுதான். ஆனால் கோடு மனிதர் போட்டது என்பதால் நோயும் பொய் என்று ஆகிவிடாது. அவன் உறங்காமல் நின்ற இரவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சையைப் பற்றிச் செவிலியரான உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலின் மயக்கம், மூளையின் முன்பகுதி அறுவை என்று இருந்த நிலை, 1952-இல் பாரிசில் தெலே, தெனிக்கர் என்ற மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகு மாறியது. நம் மலைச்சரிவுகளிலும் வளரும் சர்ப்பகந்தா வேருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மட்டும் சொல்ல ஆசைப்படுகிறேன். மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை 1931-இல் சென், போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள் எழுதினார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் 1950-களில் மேல்நாட்டு மனநல மருத்துவமனைகளிலும் சில காலம் கொடுக்கப்பட்டது. இதைக் கேட்ட உன் அப்பா வேரைத் தேடப் புறப்பட்டுவிட்டார். அதன் பக்கவிளைவுகளைச் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன்.

"இனி அவன் வாழ்க்கை அவ்வளவுதானா" என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா உட்பட 9 நகரங்களில் நடத்திய ஆய்வில், ஆக்ரா, நைஜீரியாவின் இபாடான் போன்ற இடங்களின் நோயாளிகள் பணக்கார நாடுகளின் நோயாளிகளைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். அந்த ஒப்பீடு சரியா என்று பின்னர் வாதங்கள் எழுந்தன. நான் அதை முழுதாகப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. ஆனால் சென்னையில் 1981-இல் தொடங்கி, முதன்முறையாக நோயுற்ற 90 பேரை மருத்துவர் தாராவும் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்களே, அதில் பத்தாண்டு முடிவில் பெரும்பான்மையோர் குறிகள் தணிந்த நிலையில் இருந்தார்கள். கிரேப்பலின் தம் அட்டைகளில் கண்டதும் சென்னையில் கண்டதும் ஒன்றல்ல.

தேறுவதில் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டிலும், அளவுக்கு மீறிக் கவலைப்பட்டுச் சூழ்ந்துகொள்ளும் வீட்டிலும் நோய் மறுபடி தலைகாட்டுவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் கண்டறிந்தார். சண்டிகரில் அதே முறையில் பார்த்தபோது அத்தகைய வீடுகள் குறைவாக இருந்தன. எனவே ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் "மாத்திரை போட்டாயா, குரல் கேட்கிறதா" என்று அவனிடம் கேட்காதே. மஸ்கட் வெயிலைப் பற்றிப் பேசு, கிரிக்கெட்டைப் பற்றிப் பேசு. மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். யாராவது கொஞ்சம் ஏறுமாறாக நடந்தால் "ஊளம்பாறைக்குத்தான் கொண்டுபோகணும்" என்று, திருவனந்தபுரத்தில் அங்கிருக்கும் மனநல மருத்துவமனையை வைத்துச் சொல்லும் திருவிதாங்கூர் காலத்துக் கேலி இன்னும் ஓயவில்லை. செய்வினை என்று சொல்லி ஒரு மந்திரவாதியின் முகவரியையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ தர்காவிலோ வேண்டிக்கொள்வதற்கு நான் மறுப்புச் சொல்வதில்லை. மருந்தை நிறுத்து என்று சொல்பவரிடம் மட்டும் அவனை அனுப்பமாட்டேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை அன்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நீ வாய்விட்டுக் கேட்காததற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் உடன்பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பதும் உண்மை. ஒற்றை மரபணுவால் வருவதும் இல்லை. உனக்கு வரும் வரன்களிடம் தம்பியை மறைக்க வேண்டும் என்று உன் அத்தை சொல்கிறாள். நான் மறைக்கப்போவதில்லை; நீயும் அப்படியே நினைப்பாய் என்று நம்புகிறேன்.

இன்னொரு மருத்துவரிடம் கேட்பதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிடுவார் என்ற ஆசையில் போக வேண்டாம். மருந்தின் அளவு பொருந்துகிறதா, அவனுக்கு ஏறும் எடைக்கு என்ன செய்யலாம், படிப்பை எப்போது தொடரலாம் என்று கேட்கப் போகலாம். இப்போதைய மருத்துவரிடம் சொன்னேன். அவரும் சம்மதித்து, தாமே குறிப்பு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தொடக்கத்திலிருந்து எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசையில் கொண்டுபோகச் சொன்னார். முதலில் சேர்த்திருந்த மருத்துவமனையின் சீட்டுகளை நீ அன்று கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாய் அல்லவா, அவற்றை இந்த வாரத்துக்குள் அப்பாவின் எண்ணுக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா