கண்ணாடி பிடித்து எழுத்தைக் காட்டியவருக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்ட அந்த அன்பருக்கு எங்கள் நன்றி. தேய்ந்துபோன கல்லறை எழுத்தைப் படிக்க அவர் காட்டிய வழி: முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலை வாங்கி, கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடிக்க வேண்டும். செதுக்கிய பள்ளத்தில் நிழல் விழுந்ததும், 3 மாதிரி இருந்தது 8 என்று தெரியும். ஷேவிங் க்ரீம், கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள். ஒன்று கல்லின் துளைகளில் தங்கிக் கெடுக்கும், மற்றது எழுத்தையே சுரண்டிவிடும். பாசி மறைத்தால் வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும், கீழிருந்து மேலாக. கல் பொரிந்து உதிர்ந்தால் அதுவும் வேண்டாம்.

இறந்த ஆண்டு 1900, வயது 63 என்றிருந்தால் பிறப்பு 1837 என்று முடிவுகட்டக் கூடாதாம். பிறந்தநாளுக்கு முன்பே இறந்திருந்தால் 1836. பக்கத்துக் கல்லறைகளையும் படம் எடுக்கச் சொன்னார், சொந்தக்காரர்களாக இருக்கலாம். அடக்கப் பதிவேட்டோடும் ஒத்துப்பாருங்கள். பல வருடம் கழித்து நட்ட கல்லில் தேதி பிசகியிருக்கலாம்.