எரிபொருள் இல்லாமல் ஏறுவது பற்றி பாலுவுக்கு

அன்புள்ள பாலு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ வேலை மாறியதைச் செல்வம் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி வைத்தாயே, அதற்கு நான் திட்ட வேண்டும்.

எரிபொருளே இல்லாமல் விண்கலம் மேலே ஏறலாம் என்று நான் சொன்னதற்கு, "பின்னால் எதையாவது வீசாமல் முன்னால் போக முடியாதுடா" என்று போன தடவை என் வாயை அடைத்தாய். டெதர், அதாவது விண்கலத்தில் கட்டித் தொங்கவிடும் மின்கம்பி, தள்ளுவது பூமியை, அதன் காந்தப்புலம் வழியாக. விண்கலம் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் புலத்தை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. அதிலிருந்து நீளமான கம்பியைத் தொங்கவிட்டால் மீட்டருக்குச் சுமார் 0.2 வோல்ட் தானாகக் கிடைக்கும். ஒரு முனை அயனி மண்டலத்திலிருந்து (அந்த உயரத்தில் மின்னூட்டத் துகள்கள் மிதக்கும் அடுக்கு) எலக்ட்ரான்களைப் பிடிக்கும், மறுமுனை வெளியே விடும். அப்படி மின்னோட்டம் ஓடும் கம்பியைக் காந்தப்புலம் பின்னால் தள்ளும், அது கலத்தை மெல்லக் கீழே இறக்கும். ஓசி மின்சாரம் இல்லை, உயரத்தைக் கொடுத்து வாங்குவது. சூரியத் தகட்டின் பலத்தில் மின்னோட்டத்தை எதிர்த்திசையில் ஓட்டினால் கலம் ஏறும். ஐந்து கிலோமீட்டர் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடினால் 0.15 நியூட்டன் விசை. உள்ளங்கையில் பதினைந்து கிராம் வைத்த மாதிரிதான். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும்!

1993-இல் 500 மீட்டர் கம்பியில் இரண்டு திசையிலும் மின்னோட்டம் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். 1996-இல் கொலம்பியா விண்வெளி ஓடத்திலிருந்து 19.7 கிலோமீட்டர் வரை விட்டதும் கம்பி அறுந்தது. அதைத் தோல்வி என்று எழுதுவதைப் படித்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அப்போது 3500 வோல்ட் உண்டாகியிருந்தது. மின்காப்பு பழுதான இடத்தில் பொறி பாய்ந்து கம்பி எரிந்தது. இயற்பியல் கணக்கு தப்பவே இல்லை, பாலு.

எங்கே மாட்டுகிறது தெரியுமா? கம்பியை வெளியே விடுவதில். 1992-இல் துருத்திய ஒரு போல்ட் தடுத்து, 20 கிலோமீட்டர் போக வேண்டியது சுமார் 260 மீட்டரில் நின்றது. 2017-இல் ஜப்பானின் 700 மீட்டர் டெதர் வெளியே வரவே இல்லை. செத்த செயற்கைக்கோள்களை எரிபொருள் இல்லாமல் கீழே இறக்கத் தெரிந்த ஒரு வழி, ஒரு சுருளில் சிக்கிக் கிடக்கிறது. நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கம்பி சுற்றும் இயந்திரங்களோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியவன் நீ. எடையே இல்லாத இடத்தில், இழுவிசை குறையக் குறையச் சுற்று தளர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எப்படி விடுவது? உருளைக் கம்பிக்குப் பதில் தட்டை நாடா என்றால் விண்குப்பை பட்டாலும் லேசில் அறாது, ஆனால் சுருளில் முறுக்கிக்கொள்ளாதா? படம் போட்டு அனுப்பு.

உன்
ரவி