தூத்துக்குடிக் கடலோரத்தில் கடல் தொழில்நுட்பத் தொழிலையும் அதற்கான ஆட்களையும் உருவாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
படகுக் கருவிகள் பழுது பார்க்கும் தொழிலாளர்கள்,
மீன்பிடித் துறைமுகம், தூத்துக்குடி.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தொழில், முதலீட்டு ஊக்குவிப்பு மற்றும் வர்த்தகத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: கடல் கருவிப் பராமரிப்புப் பயிற்சி, கடலில் சோதனை இடம், முக்குளிப்போருக்குச் சான்றிதழ் கோருதல் - தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

விசைப்படகுகளில் ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், பேசுவதற்கான விஎச்எஃப் ரேடியோ மாட்டுவதும் கெட்டுப்போனால் பிரித்துச் சரிசெய்வதும் எங்கள் பிழைப்பு. பெரிய படிப்பு இல்லை, ஆனால் உப்புத் தண்ணீரில் ஒரு கருவி எப்படிக் கெடும் என்பது அத்துப்படி. பாதி நேரம் கருவியில் கோளாறே இருக்காது. கனெக்டரின் உலோக ஊசி பச்சை பூத்திருக்கும், இல்லையென்றால் மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தில் ஒரு மணலோ தலைமுடியோ சிக்கியிருக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி லட்ச ரூபாய்ச் சாமான் ஒரே நாளில் குப்பைக்குப் போய்விடும். பள்ளத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவி, வளையத்தை முறுக்காமல் உட்கார வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் இந்தக் கடலோரத்தில் மிகக் குறைவு என்பதுதான் எங்கள் முறையீடு.

கடல் தொழில்நுட்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993 முதல் சென்னையில் இருக்கிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா நீர்மூழ்கி வாகனத்தை அவர்கள்தான் உருவாக்குகிறார்கள். ஐஐடி மெட்ராஸில் கடல் பொறியியலுக்கென்றே தனித் துறை உண்டு. நீருக்கடியில் ஆய்வு செய்யும் ரோபோக்களைச் செய்கிற பிளானிஸ் நிறுவனம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் எல்லாம் சென்னையைச் சுற்றியே. 14 கடலோர மாவட்டங்கள் இருந்தும், மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வேலைகள் இருப்பதே தெரியாது.

வேலை வரப்போகிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனதை யாரும் மறக்கவில்லை. இன்று 364 கோடி ரூபாயில் நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் உப்புக் காற்றில் கிடக்கும் கருவியை யார் பார்த்துக்கொள்வது? கழற்றிப் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், அதுவரை படகு என்ன செய்யும்? கருவி இல்லாமல்தான் கடலுக்குப் போகும்.

அப்புறம் கடல் காற்றாலை. மத்திய அரசு 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 500 மெகாவாட் குஜராத்துக்கு, 500 மெகாவாட் நமக்கு. துறைமுக மேம்பாட்டுக்கு 600 கோடியும் அதற்குள் அடங்கும். முப்பந்தல் பக்கம் தரைக் காற்றாலையில் கோபுரம் ஏறி வேலை பார்க்கும் இளைஞர்கள் ஏராளம். அதே பையன்கள் கடலில் வேலை பார்க்க, தண்ணீரில் விழுந்தால் தப்பிப்பது, படகிலிருந்து கோபுரத்துக்கு மாறுவது போன்ற பயிற்சிகளும் அதற்கான சர்வதேசச் சான்றும் வேண்டும். காற்றாலை எப்போது வரும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை, புரிகிறது. பயிற்சி உங்கள் கையில் இருக்கிறது. திட்டம் வந்த பிறகு தொடங்கினால் வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஆட்களோடுதான் இறங்குவார்கள்.

சங்கு குளிப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி கை கால் முடங்கியவர்கள் இருக்கிறார்கள். ஜெட்டி எனும் படகுத்துறை மேடையின் தூண்களைச் சோதிக்க, கடலடிக் கேபிள் பார்க்க, எங்கள் ஊர்ப் பக்கத்து வான் தீவைச் சுற்றிப் போட்டதைப் போன்ற செயற்கைப் பவளப் பாறைகளைக் கண்காணிக்க எல்லாம் முக்குளிப்பவர்கள் தேவை. இவர்களிடம் இல்லாதது முறையான பயிற்சியும் சான்றிதழும்தான். பயிற்சியோடு, குமிழ் கட்டியவர்களைக் காற்றழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் அறையையும் தூத்துக்குடியில் அமைத்துத் தாருங்கள். எங்கள் மனுவில் மிக அவசரமானது இதுதான்.

கடல், வானிலை விவரங்களைப் பதிந்து அனுப்பும் தரவு மிதவைகளை மீனவர்கள் சேதப்படுத்துகிறார்கள் என்று அடிக்கடி புகார் வருகிறது. உண்மைதான், நடக்கிறது. மிதவைக்குக் கீழே மீன் கூடும், படகைக் கொண்டுபோய்க் கட்டுவார்கள், கயிறு இழுபடும், கருவி போகும். எச்சரிக்கைப் பலகையால் இது நிற்காது. மிதவையில் ஒட்டி வளர்ந்த கொட்டலசுச் சிப்பியைச் சுரண்டுவது, சோலார் பேனலைத் துடைப்பது, சென்சார் மாற்றுவது போன்ற வேலையைப் பக்கத்து ஊர்ப் படகுகளுக்கே ஒப்பந்தமாகக் கொடுத்துப் பாருங்கள், அவர்களே காவலுக்கு நிற்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். அந்த நாட்களில், தடைக்கால நிவாரணத்தைப் பிடிக்காமல், தனியாக உதவித்தொகை கொடுத்து இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

தொழில் முனைவோருக்குப் பணத்தைவிட இடம்தான் முதல் தேவை. செய்த கருவியைக் கடலில் இறக்கிப் பார்க்க ஒரு ஜெட்டி, ஒரு கிரேன், கருவி ஆழத்தைத் தாங்குமா என்று சோதிக்க ஓர் அழுத்தத் தொட்டி, எல்லா அனுமதியையும் ஒரே மேசையில் தரும் ஓர் அதிகாரி, இவை போதும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைத் தொடாமல் இடம் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். கனடாவின் டார்ட்மவுத்தில் கடலோரக் காவல்படை விட்டுப்போன பழைய தளத்தைத்தான் 2018-ல் கடல் தொழில்நுட்ப மையமாக மாற்றினார்கள். இங்கேயும் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதில் தொடங்க வேண்டாம், அதற்கே நாலு வருஷம் போய்விடும்.

அரசு டெண்டர்களில் கேட்கும் ஆண்டு வருமானம், முன்னனுபவ நிபந்தனைகளைச் சிறிய உள்ளூர் நிறுவனங்களுக்குத் தளர்த்துங்கள். பெரிய கம்பெனி எடுத்தாலும், பராமரிப்பு வேலை கடலோர மாவட்டத்து ஆட்களுக்கே போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

எனவே, அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்குள் தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம், கன்னியாகுமரி மாவட்டங்களில் தலா ஓர் அரசு ஐடிஐயில் கடல் கருவிப் பராமரிப்புப் பிரிவைத் தொடங்கவும், பாடத்திட்டக் குழுவில் பேராசிரியர்களோடு படகு ஓட்டுநர், முக்குளிப்பவர், பழுது பார்ப்பவர் ஆகியோரையும் சேர்க்கவும், இந்த மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படகுக் கருவிகள் பழுது பார்க்கும் தொழிலாளர்கள்,
தூத்துக்குடி.

நகல்: அரசுச் செயலாளர், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, சென்னை.